ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் புறப்படும் இளம் டாக்டர்களுக்கு



தேர்வு எழுதித் தேறி, கலந்தாய்வில் இடம் எடுத்து, பணி ஆணையைக் கையில் வாங்கியிருப்பீர்கள். சிலருக்குச் சொந்த மாவட்டத்திலேயே இடம் அமைந்திருக்கும். பலருக்கு ஜவ்வாது மலையிலோ கல்வராயன் மலையிலோ தாளவாடிப் பக்கமோ, அதுவரை பேர்கூடக் கேட்டிராத ஓர் ஊர் விழுந்திருக்கும். நான் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். என் சர்வீஸில் பெரும்பகுதி மலையடிவாரத்தில் ஒரு துணை சுகாதார நிலையத்தில் கழிந்தது. படிப்பு முடித்த கையோடு வந்து சேர்ந்த டாக்டர்கள் பலரோடு வேலை பார்த்திருக்கிறேன். நீங்கள் பொறுப்பேற்றுவிட்டால் ஓ.பி.யும் மீட்டிங்கும் உங்களை விழுங்கிவிடும். யார் சொல்வதையும் நின்று கேட்க நேரமிருக்காது. அதனால்தான் இப்போதே எழுதுகிறேன்.

நீங்கள் போனதும் முதலில் உங்கள் மேஜைக்கு வருவது புள்ளிவிவரம். நல்ல கணக்காகத்தான் இருக்கும். 2020-ல் நம் மாநிலத்தில் பிறந்த ஆயிரம் குழந்தைகளுக்கு ஒரு வயதுக்குள் இறந்தவை 13. நாடு முழுமைக்கும் அது 28. 2018-20 கணக்கில் லட்சம் பிரசவத்துக்கு இங்கே இறந்த தாய்மார் 54 பேர், நாட்டில் 97 பேர். ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 99.6 சதவீதப் பிரசவம் ஆஸ்பத்திரியில் நடந்ததாக வந்தது. இந்த எண்களுக்காக வெயிலிலும் மழையிலும் நடந்தவர்களில் நானும் ஒருத்தி. அதில் எனக்குப் பெருமை உண்டு, அதை மறைக்க மாட்டேன்.

மிச்சமுள்ள 0.4 எங்கே இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். அது ஊருக்கு ஒன்றாகச் சிதறிக் கிடப்பதில்லை. ஒரு வட்டாரத்தில் அதே இரண்டு மூன்று குக்கிராமங்களில்தான் வருஷா வருஷம் வீட்டுப் பிரசவம் நடக்கும். எடை குறைந்த பிள்ளை அங்கேதான் பிறக்கும். தடுப்பூசி விட்டுப்போவது அங்கேதான். பாம்பு கடித்தவரைப் போர்வையில் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்குவதும் அங்கேதான். வட்டாரத்தின் மொத்தக் கணக்கில் அந்த ஊர்கள் தெரியவே தெரியாது. மற்ற ஊர்களின் நல்ல எண்கள் அவற்றை மூடிவிடும்.

2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அணைக்கட்டுப் பக்கம் அல்லேரி மலையில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தை பாம்பு கடித்து இறந்துபோனது. செய்தியைப் படித்திருப்பீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும் சரியான பாதை இல்லை. இறந்தபின் உடலைக் கொண்டுவந்த ஆம்புலன்ஸும் பாதி வழியிலேயே நின்றுவிட்டது. பெற்றவள் பிள்ளையின் உடலைச் சுமந்துகொண்டு மலைப்பாதையில் நடந்தாள். நாட்டின் எந்த மூலையிலிருந்தும் நோயாளிகள் ரயிலேறித் தேடி வருகிற மருத்துவக் கல்லூரி இருப்பதும் அதே வேலூர் மாவட்டத்தில்தான். ஒரே மாவட்டத்துக்குள் இவ்வளவு தூரம் இருக்கிறது, டாக்டர்.

சமவெளியில் இடம் கிடைத்தவர்கள் இது மலைக்காரர்கள் கதை என்று விட்டுவிட வேண்டாம். உங்கள் ஊர்களிலும் ஊர் ஒன்று, காலனி ஒன்று என்று இருக்கும். முகாம் என்றால் ஊர்ப் பள்ளிக்கூடத்தில்தான் போடுவோம். காலை பத்து மணிக்கு மைக் கட்டித் தொடங்குவோம். அந்த நேரத்தில் நூறு நாள் வேலைக்காரர்கள் ஏரிக்கரையில் நிற்பார்கள். காலனியிலிருந்து பெண்கள் அந்தப் பள்ளிக்கூட வாசலுக்கு வரத் தயங்குவார்கள். வந்தவர்கள் பேர் ரிஜிஸ்டரில் ஏறும். வராதவர்களை எழுத அந்த ரிஜிஸ்டரில் ஒரு கட்டம்கூடக் கிடையாது. செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு வந்து தங்கியிருக்கும் ஆட்கள் அவர்கள் சொந்த ஊர்க் கணக்கிலும் இல்லை, நம் கணக்கிலும் இல்லை. மலையிலிருந்து மிளகு பறிக்கக் கேரளத்துக்கும், காப்பித் தோட்ட வேலைக்குக் கர்நாடகத்துக்கும் போகிற கர்ப்பிணிக்கு நான்காம் மாதப் பரிசோதனை ஓர் ஊரில் நடக்கும், ஏழாம் மாதப் பரிசோதனை எங்கேயும் இல்லாமல் போகும். போன் நம்பர் மாறியிருக்கும். ‘கண்டறிய இயலவில்லை’ என்று எழுதி மூடிவிடுவார்கள். அவளைக் கண்டுபிடிக்க முடியும். அவள் எந்த எஸ்டேட்டுக்குப் போனாள், எந்த மேஸ்திரி கூட்டிப்போனார், பொங்கலுக்கு வருவாளா என்பதெல்லாம் ஊருக்குத் தெரியும். நம்மில் ஒருத்தி அந்த ஊர்க்காரியாக இருந்தால் நமக்கும் தெரியும்.

நான் சொல்ல வந்தது இதுதான். உங்கள் நிலையத்தில் யாருக்கு எல்லாரையும்விடக் குறைந்த தொகை கைக்குக் கிடைக்கிறதோ, அவளுக்குத்தான் உங்கள் புள்ளிவிவரம் யாரை மறைக்கிறது என்று தெரியும்.

மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டம் ஏன் வந்தது என்று யோசித்துப் பாருங்கள். 2020-ல் நம் மாநிலத்தில் எடுத்த ஆய்வில், ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கும் சர்க்கரை நோய் உள்ளவர்களில் 10.8 சதவீதம் பேருக்கும்தான் நோய் கட்டுக்குள் இருந்தது. மாத்திரை இலவசம். டாக்டரைப் பார்க்கவும் காசு வாங்குவதில்லை. இருந்தும் இந்த நிலை. மாத்திரை வாங்க வருவதென்றால் ஒருநாள் கூலி போகும், பஸ்ஸுக்குக் காத்துக் கிடக்க வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும். உடம்பில் ஒன்றும் தெரியாத நோய்க்காக மாதாமாதம் யார் கூலியை விடுவார்கள்? அதனால்தான் 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் திட்டத்தைத் தொடங்கி, மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து பெண்களை எடுத்து, வீட்டு வாசலுக்கே மாத்திரையை அனுப்பினார்கள். 2024-ல் ஐக்கிய நாடுகள் சபையின் விருதும் வந்தது. விருதைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்தப் பெண்களைப் பற்றிக் கொஞ்சம்தான் பேசுகிறார்கள்.

எங்கள் பகுதியில் அந்தத் திட்டத்தில் இருந்த தன்னார்வலர் காலை ஏழு மணிக்குமுன் புறப்பட்டுவிடுவாள். அதற்குமேல் போனால் வீட்டில் ஆள் இருக்காது. ஒரு பாட்டிக்கு மாதாமாதம் ரத்த அழுத்தம் கூடிக்கொண்டே போனது. நிலையத்தில் டாக்டர் அம்லோடிபின் ஐந்து மில்லிகிராமைப் பத்து ஆக்கினார். அப்படியும் இறங்கவில்லை. இவள் ஒருநாள் திண்ணையில் உட்கார்ந்து மாத்திரை அட்டைகளை வாங்கிப் பார்த்தாள். நாள் கணக்குக்கு மாத்திரை சரியாகத்தான் தீர்ந்திருந்தது. ஆனால் பாட்டியின் மருமகன் சில மாதங்களுக்கு முன் கிறுகிறுப்பு என்று படுத்ததும், இப்போது பரவாயில்லை என்று வேலைக்குப் போனதும் இவளுக்குத் தெரியும். மெதுவாகப் பேச்சுக் கொடுத்தாள். பாட்டி ஒருநாள் விட்டு ஒருநாள் தன் மாத்திரையை மருமகனுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். “அவனுக்குத்தானே குடும்பம் ஓடணும்” என்றார். மருமகனைக் கூட்டிவந்து பரிசோதித்து, அவர் பேரில் தனியாக மாத்திரை எழுதியதும் பாட்டிக்கும் அழுத்தம் இறங்கியது. இதை எந்த ரத்தப் பரிசோதனை சொல்லியிருக்கும்? டோஸை இன்னும் கூட்டியிருப்போம், அவ்வளவுதான்.

இரும்புச் சத்து மாத்திரையும் இப்படித்தான். நம் மாநிலத்தில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று அதே தேசியக் கணக்கெடுப்பு சொல்கிறது. மாத்திரை கொடுத்தோம், கொடுத்ததாக எழுதினோம். கூரைச் செத்தையில் செருகி வைத்த மாத்திரைகளை நாங்கள் எத்தனை வீடுகளில் எடுத்திருக்கிறோம்! சாப்பிட்டால் வயிறு புரட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது, பிள்ளை கறுத்துப் பிறக்கும் என்று மாமியார் சொல்கிறார். இதையெல்லாம் அந்தப் பெண் டாக்டரிடம் சொல்ல மாட்டாள். “மாத்திரை சாப்பிடுறியா?” என்று நீங்கள் கேட்டால் “சாப்பிடுறேங்க” என்பாள். டீயோடு போடாதே, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் போடு, கறுப்பாகப் போவது சாதாரணம்தான், பிள்ளை நிறத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று அடுப்படியில் மாமியாரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும். அந்த அடுப்படி வரைக்கும் போகக்கூடியவள் ஒருத்திதான் இருக்கிறாள்.

இது புதிதாகக் கண்டுபிடித்த வழியும் இல்லை. ராஜ் அரோலே, மேபல் அரோலே என்ற கணவன் மனைவி வேலூரில் மருத்துவம் படித்தவர்கள். 1970-ல் மகாராஷ்டிரத்தில் ஜாம்கேட் என்ற வறண்ட பகுதிக்குப் போனார்கள். கிராமத்தில் தங்கி வேலை பார்க்கச் செவிலியர் கிடைக்கவில்லை. ஊரே தேர்ந்தெடுத்த பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்களில் பலர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், தீண்டாமைக்கு ஆளானவர்கள். அந்தப் பெண்கள்தான் அந்த வட்டாரத்தின் பிரசவத்தையும் குழந்தைகளையும் காத்தார்கள். அதே மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் தம்பதி, கிராமப் பெண்களுக்கே பச்சிளம் குழந்தையை வீட்டில் பராமரிக்கக் கற்றுக்கொடுத்து, பச்சிளம் குழந்தை மரணம் 62 சதவீதம் குறைந்ததை 1999-ல் ‘லான்செட்’டில் வெளியிட்டார்கள்.

நம் பக்கத்திலேயே சிட்டிலிங்கி இருக்கிறது. தர்மபுரி மாவட்டத்தில் மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கு. 1993-ல் டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதா ரெஜியும் அங்கே போனபோது, ஆயிரம் குழந்தைகளுக்கு 147 குழந்தைகள் ஒரு வயதைத் தாண்டவில்லை. ஊர்க்காரர்கள் கட்டிக்கொடுத்த கூரைக் கொட்டகையில் வைத்தியம் பார்த்தார்கள். ஆனால் கொட்டகையில் உட்கார்ந்திருந்தே அந்த எண்ணை இறக்கவில்லை. ஊருக்கு ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்தார்கள். பழங்குடிப் பெண் பிள்ளைகளை நர்சுகளாகப் பழக்கினார்கள். அந்தப் பெண்கள் வீடு வீடாகப் போனார்கள். காலப்போக்கில் அந்த 147 இருபதை ஒட்டி வந்தது. பிறகு, பிள்ளைகள் மெலிந்திருப்பது மருந்தால் தீராது என்று விவசாயத்துக்கும் போனார்கள், லம்பாடிப் பெண்களின் பூத்தையல் தொழிலுக்கும் போனார்கள். ஒரு டாக்டர் வேலை எதுவரைக்கும் என்று அவர்கள் கோடு போட்டுக்கொள்ளவில்லை.

நீலகிரி மாவட்டம் கூடலூரிலும் அதேதான். பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர் மக்கள் ஆஸ்பத்திரி வாசலைக்கூட மிதிக்கப் பயந்த காலம். 1980-களின் கடைசியில் டாக்டர் தேவதாசனும் டாக்டர் ரூபாவும் ஆதிவாசி இளைஞர்களையும் பெண்களையும் கிராமச் சுகாதாரப் பணியாளர்களாகப் பழக்கினார்கள். முதலில் ஊர்களில் வேலை. அதன்பின் 1990-ல் ஆஸ்பத்திரி. டாக்டர் சைலா தேவியும் டாக்டர் நந்தகுமார் மேனனும் அதைக் கட்டி எழுப்பினார்கள். 1992-லேயே அந்த மக்களுக்கென்று ஒரு காப்பீடும் வந்தது. போனவுடன் தன் பாஷையில் பேசுகிற நர்ஸ் எதிரில் நின்றால், பணியப் பெண் தைரியமாகக் கட்டிலில் படுப்பாள். அரிவாள் செல் சோகையில் உடம்பு முறுக்கி வலிக்கிற பிள்ளையைப் பேய் பிடித்ததென்று விடாமல் கூட்டி வருவார்கள்.

அதெல்லாம் தியாகிகள் கதை, நமக்கு அப்படி முடியாது என்று நீங்கள் சொல்லலாம். நான் உங்களைக் கூரைக் கொட்டகைக்கு வரச்சொல்லவில்லை. அவர்கள் தேடித்தேடி உருவாக்கிய ஆட்களை அரசாங்கமே உங்களுக்குச் சம்பளத்தோடும் ஊக்கத்தொகையோடும் கொடுத்திருக்கிறது. சமவெளியில் ஐயாயிரம் பேருக்கு ஒன்று, மலையில் மூவாயிரம் பேருக்கு ஒன்று என்று துணை சுகாதார நிலையமும் அதில் ஒரு செவிலியரும் இருக்கிறார்கள். வீடு தேடிப் போகிற தன்னார்வலர் இருக்கிறார். அவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கத்தான் ஆள் இல்லை.

என் மனத்தாங்கலையும் சொல்லிவிடுகிறேன். மாதாந்திர ஆய்வுக் கூட்டத்தில் தன்னார்வலர்களுக்கு நாற்காலி போட மாட்டார்கள். சுவரோரம் நிற்பார்கள். “உன் டார்கெட் எத்தனை, முடிச்சது எத்தனை?” என்பது மட்டும்தான் அவர்களிடம் கேட்கிற கேள்வி. எத்தனை என்று கேட்டால் எண்தான் வரும். குறைந்தால் திட்டு விழும் என்று தெரிந்தால் அந்த எண்ணும் கூடித்தான் வரும். அந்த மேல்கொல்லைக்குப் போக முடியவில்லை, ஓடையில் தண்ணீர் போகிறது, அங்கே ஒரு கர்ப்பிணிக்குக் கால் வீங்கியிருக்கிறது என்று சொல்ல வந்தவள், சொல்லாமலே போய்விடுவாள். மாதம் முழுக்கக் கால் தேய நடப்பவளுக்குக் கிடைக்கும் ஊக்கத்தொகை ஒரு குடும்பத்துக்குப் பற்றாது. அதைக் கூட்டச் சொல்லி அவர்கள் தெருவில் இறங்கியும் போராடியிருக்கிறார்கள். அதைத் தீர்ப்பது உங்கள் கையில் இல்லை. நாற்காலி உங்கள் கையில் இருக்கிறது.

இன்னொன்று. எட்டு மாதம் கழித்து முதல்முறையாக வந்து நிற்கிற கர்ப்பிணியிடம், “இவ்வளவு நாள் எங்கம்மா போனே?” என்று கத்துவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கத்துகிறவர்களின் மனசு கெட்டதென்று சொல்ல மாட்டேன், பயத்தில்தான் கத்துகிறார்கள். அந்த உயிர் போனால் மரணத் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். ஆனால் அந்தப் பெண்ணை இரண்டு மைல் நடத்திக் கூட்டிவந்தவள் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பாள். எத்தனை முறை அந்த வீட்டுக்குப் போய்க் கெஞ்சியிருப்பாளோ. நீங்கள் போட்ட ஒரு சத்தத்தில் அவள் வாக்கு அந்த ஊரில் செல்லாமல் போகும். அடுத்த பிரசவத்துக்கு அந்த வீட்டுக் கதவு அவளுக்குத் திறக்காது.

உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். ஓ.பி.யில் நூற்றுக்கு மேல் கூட்டம். செயலியில் பதிவேற்ற வேண்டியது தனி. காணொளிக் கூட்டம் தனி. இரண்டு டாக்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஒருவர் இருப்பீர்கள். முதுநிலைப் படிப்புக்குப் படிக்க வேண்டும். மலையில் வேலை பார்த்தால் அதற்கு ஊக்க மதிப்பெண் உண்டு என்பதற்காகவே மலையை எடுத்தவர்களும் உங்களில் இருப்பீர்கள். அதை நான் குறை சொல்லவில்லை. ஆள் வருகிறதே என்று நாங்கள் சந்தோஷம்தான் பட்டோம். அந்த இரண்டு மூன்று வருஷத்தை மதிப்பெண்ணுக்காக ஓட்டிவிட்டுப் போகாதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

நேரமில்லாத இடத்திலும் சின்னதாக ஒன்றை மாற்றினால் உயிர் தப்பும் என்பதற்குக் காசநோயே சாட்சி. 2022-ல் நம் மாநிலத்தில் தொடங்கிய திட்டத்தில், நோய் என்று தெரிந்த உடனே எடையும் உயரமும், மூச்சு வேகம், ஆக்ஸிஜன் அளவு, காலில் வீக்கம், பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்று பார்க்கிறோம். முடியாதவர்களைப் படுக்கையில் சேர்க்கிறோம். பெரிய மிஷின் எதுவும் தேவைப்படவில்லை. ‘இவர் நிற்க முடியாமல் இருக்கிறார்’ என்று கீழ்நிலைப் பணியாளர் ஒருவர் சொன்னதை மேலே உள்ளவர்கள் மதித்தார்கள்.

அதனால் டாக்டர்களே, உங்களிடம் நான் கேட்பது இதுதான். வாரத்தில் ஒரு காலை, ஓ.பி. தொடங்குமுன், தன்னார்வலரோடு நடந்து போங்கள். எந்த ஊர் என்று நீங்கள் சொல்லாதீர்கள், அவள் சொல்லட்டும். ஜீப்பை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு, அவள் போகிற வழியில் போங்கள். வீட்டில் அவளை முன்னால் பேசவிட்டு நீங்கள் பின்னால் நில்லுங்கள். ‘நம்ம அக்கா டாக்டரையே கூட்டிட்டு வந்துட்டா’ என்று ஊர் பேசினால், நீங்கள் மாறுதலில் போன பிறகும் அந்தப் பேச்சு அவளுக்குத் துணையாக இருக்கும். நிலையத்தில் இருக்கிற கணக்கை ஊர்வாரியாக, முடிந்தால் தெருவாரியாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். முகாமை ஒருமுறை காலனியில் போடுங்கள், ஒருமுறை சாயங்காலம் ஆறு மணிக்குப் போடுங்கள். யார் யார் வருகிறார்கள் என்று உங்கள் கண்ணாலேயே பார்ப்பீர்கள். வெளியூர் வேலைக்குப் போன கர்ப்பிணிகளின் பேரைத் தனியே ஒரு நோட்டில் எழுதி, திரும்பி வருகிற மாதத்தையும் குறித்து வைக்கச் சொல்லுங்கள். கிராமசபை நடக்கிற அன்று பத்து நிமிஷம் போய், பாதை இல்லாத ஊரின் பேரைத் தீர்மானத்தில் எழுத வையுங்கள். டாக்டர் எழுந்து சொன்னால் தலைவரும் கேட்பார், பி.டி.ஓ.வும் கேட்பார். நாங்கள் சொன்னால் அது குறிப்பேட்டோடு நின்றுவிடும்.

முதல் ஆய்வுக் கூட்டம் நீங்கள் சேர்ந்த மாதத்திலேயே வரும். சுவரோரம் நிற்கிறவர்களை உட்காரச் சொல்லுங்கள். டார்கெட்டைக் கடைசியில் கேட்டுக்கொள்ளலாம். “இந்த மாசம் நீங்க போக முடியாத வீடு எது, ஏன்?” என்று முதலில் கேளுங்கள். முதல் கூட்டத்தில் பதில் வராது. உங்களை நம்பலாமா என்று பார்ப்பார்கள். இரண்டாவது கூட்டத்திலும் அதையே கேளுங்கள், திட்டாமல் கேளுங்கள். யாராவது ஒருத்தி ஓர் ஊரின் பேரைச் சொல்வாள். அந்தப் பேரை உங்கள் கையாலேயே எழுதிக்கொண்டு, எந்தத் தேதியில் அவளோடு அங்கே போகிறீர்கள் என்று அந்தக் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர் ஒருவர்